சிபாப் கருவிக்கு எந்தத் தண்ணீர்?

உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய்க்காக, முகமூடி வழியாக அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தும் சிபாப் கருவியைப் பயன்படுத்துவோர் பலர், அந்தக் காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையர் தொட்டியில் ஊற்ற வேண்டிய தண்ணீர் குறித்துக் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த இதழில் நுரையீரல் மருத்துவர் பதிலளிக்கிறார்.

கேள்வி: எனக்கு வயது 58. உறக்கப் பரிசோதனைக்குப் பிறகு மருத்துவர் சொன்னபடி சிபாப் கருவி வாங்கி, இரவுதோறும் மாட்டிக்கொண்டு உறங்குகிறேன். தொட்டியில் டிஸ்டில்டு வாட்டர், அதாவது காய்ச்சி வடித்த நீர் மட்டுமே ஊற்ற வேண்டும் என்று கருவியைக் கொடுத்தவர் சொன்னார். எங்கள் பகுதி மருந்துக் கடைகளில் அது பல நேரம் இருப்பதில்லை என்பதால், சில நாள் வீட்டு ஆர்.ஓ. தண்ணீரையும் சில நாள் போர் தண்ணீரையும் ஊற்றினேன். இப்போது தொட்டியின் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. இந்த வெள்ளை என் நுரையீரலுக்குள்ளும் போயிருக்குமோ? இன்வெர்ட்டருக்கு வாங்கும் பேட்டரி தண்ணீரையே ஊற்றலாம் என்கிறான் மகன். எது சரி?
— வாசகர், வேளச்சேரி, சென்னை

பதில்: அந்த வெள்ளை உங்கள் நுரையீரலுக்குள் போகவில்லை. போயிருந்தால் தொட்டியில் படிந்திருக்காது. உங்கள் கருவியில் தொட்டிக்கு அடியில் ஒரு சூடேறும் தகடு இருக்கிறது. அது தண்ணீரைக் கொதிக்க வைப்பதில்லை. வெதுவெதுப்பாக்கி மெல்ல ஆவியாக்குகிறது. கருவி தள்ளும் காற்று அந்தத் தண்ணீரின் மேற்பரப்பைத் தழுவிச் செல்லும்போது ஆவியை மட்டும் அள்ளிக்கொண்டு குழாய் வழியாக முகமூடிக்கு வருகிறது. ஆவியோடு உப்பு ஏறாது. கடல் நீரிலிருந்து எழும் ஆவி உப்பில்லாத மழையாகப் பெய்வதும் இதனால்தான். ஆகவே நீங்கள் போர் தண்ணீர் ஊற்றினாலும் காய்ச்சி வடித்த நீர் ஊற்றினாலும், உங்கள் மூக்குக்கு வரும் ஈரம் ஒன்றேதான். வேறுபாடு எல்லாம் தொட்டியில் தங்கிவிடுவதில் இருக்கிறது.

எவ்வளவு தங்கும் என்பதை ஒரு சிறு கணக்கில் பார்க்கலாம். இரவில் 300 மில்லி தண்ணீர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 1500 மில்லிகிராம் கரைந்த உப்புள்ள போர் தண்ணீரானால், ஓர் இரவில் 450 மில்லிகிராம் உப்பு தொட்டியில் எஞ்சும். மாதத்துக்கு 13 கிராமுக்கு மேல் வரும். காலையில் மிச்சத் தண்ணீரைக் கொட்டும்போது அதில் ஒரு பகுதி போய்விடும் என்றாலும், கால்சியமும் மக்னீசியமும் சூடான அடித்தகட்டில் காரையாக இறுகிக்கொள்ளும். 50 மில்லிகிராம் அளவுள்ள ஆர்.ஓ. தண்ணீரானால் அதே கணக்கு மாதத்துக்கு அரை கிராமைக்கூடத் தொடாது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர் விதிப்படி கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர்வழி இல்லாத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம். குடிப்பதற்குத் தகுதியான தண்ணீர்கூட உங்கள் தொட்டியைப் பாழாக்கலாம் என்பது இதிலிருந்தே விளங்கும். காரை படிந்த தகட்டிலிருந்து தண்ணீருக்குச் சூடு சரியாக ஏறாது. பிளாஸ்டிக்கில் நுண்ணிய கீறல்கள் விழும். சொரசொரப்பான அந்தப் பரப்பில் கிருமிப் படலம் எளிதாக ஒட்டிக்கொள்ளும்.

உப்பைவிட எனக்குக் கவலை தருவது இந்தக் கடைசிச் சங்கதிதான். இரவு முழுவதும் வெதுவெதுப்பாக இருந்து, பகலில் மூடிய தொட்டிக்குள் தேங்கிக் கிடக்கும் தண்ணீர் கிருமிகளுக்கு நல்ல விளைநிலம். கடும் நிமோனியாவை உண்டாக்கும் லீஜியோனெல்லா என்னும் பாக்டீரியா ஏறத்தாழ 25 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் செழித்து வளரும். கிருமியும் உப்பைப் போல ஆவியில் ஏறுவதில்லை என்பது உண்மையே. ஆனால் படுக்கையில் புரளும்போது தொட்டி அசைந்து தண்ணீர் குழாய்க்குள் தெறிப்பதுண்டு; அளவுக்கோட்டைத் தாண்டி ஊற்றினாலும் அப்படியே. அப்போது ஆவியாக அல்லாமல் நீராகவே அது மூக்கை நோக்கி வருகிறது. ஆகவே எந்தத் தண்ணீர் என்ற கேள்விக்குச் சமமான இடத்தை, எத்தனை நாள் தண்ணீர் என்ற கேள்விக்கும் தர வேண்டும். மூன்று நாள் மாற்றாமல் வைத்த காய்ச்சி வடித்த நீரைவிட, அன்றாடம் மாற்றப்படும் ஆர்.ஓ. தண்ணீரையே நான் ஏற்பேன்.

இனி உங்கள் வீட்டில் இருப்பவற்றை எடுத்துக்கொள்வோம். மருந்துக் கடையில் கிடைக்கும் காய்ச்சி வடித்த நீரே முதல் தேர்வு. பெரும்பாலான கருவிகளின் கையேடுகளும் அதையே சொல்கின்றன. அது இல்லாதபோது, அறுவை அரங்குகளில் கழுவுவதற்குப் பயன்படும் ஸ்டெரைல் வாட்டர் பாட்டில் சில கடைகளில் இருக்கும், அதுவும் நல்லதே. ஆனால் அதைக் கேட்கும்போது சலைன் பாட்டிலை மாற்றிக் கொடுத்துவிடாமல் பார்த்து வாங்குங்கள். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். நார்மல் சலைனில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருக்கிறது. நீங்கள் அஞ்சும் போர் தண்ணீரைவிட அது பல மடங்கு.

ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறைவு என்றாலும் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். சுவைக்காகக் கனிமங்களைத் திரும்பச் சேர்க்கும் வடிகட்டிகளும், வடிகட்டாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும் திருகும் பல கருவிகளில் உள்ளன. அவ்வாறு வரும் தண்ணீரில் உப்பு நீங்கள் நினைப்பதைவிடக் கூடுதலாக இருக்கலாம். கரைந்த உப்பின் அளவைக் காட்டும், பேனா போன்ற ஒரு டி.டி.எஸ். மீட்டரை வாங்கி முக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். மற்றொன்று, ஆர்.ஓ. சவ்வைத் தாண்டிய தண்ணீரில் கிருமியைத் தடுக்கும் குளோரின் மிச்சமிருப்பதில்லை. அதன் சேமிப்புத் தொட்டியைக் கழுவாமல் விட்டால் உள்ளே வழுவழுப்பாகப் படலம் பிடிக்கும். டி.டி.எஸ். மீட்டர் இதைக் காட்டாது. எனவே ஆர்.ஓ. தண்ணீரைக் கொதிக்க வைத்து, மூடி ஆறவிட்டு ஊற்றுங்கள். மாற்று வழிகளில் நான் முதலில் சொல்வது இதுதான். கேன் தண்ணீருக்கும் இதே விதி பொருந்தும்.

உங்கள் மகன் சொல்லும் பேட்டரி தண்ணீரை வேண்டாம் என்பேன். பெட்ரோல் பங்கிலும் பேட்டரிக் கடையிலும் டிஸ்டில்டு வாட்டர் என்ற பெயரிலேயே விற்கப்பட்டாலும், அதில் பெரும்பகுதி காய்ச்சி வடித்தது அன்று; உப்பைப் பிடித்துக்கொள்ளும் பிசின் மணிகள் (ரெசின்) வழியே செலுத்தி உப்பு நீக்கியது. உப்பைப் பொறுத்தவரை குறையொன்றும் இல்லை. ஆனால் அதற்குரிய தர அளவுகள் பேட்டரியைக் கெடுக்கும் இரும்பு, குளோரைடு போன்றவற்றைப் பார்க்கின்றனவே தவிர, மனிதர் மூச்சோடு சேரப்போகும் தண்ணீர் என்ற எண்ணத்தில் வகுக்கப்பட்டவை அல்ல. பழைய கேன்களில் திரும்பத் திரும்ப நிரப்பி விற்பவர்களும் உண்டு. பேட்டரி ஆசிட்டும் அதே கடையில், ஏறக்குறைய அதே வடிவக் கேனில் இருக்கும் என்பதையும் மகனிடம் சொல்லுங்கள்.

இப்போது படிந்திருக்கும் வெள்ளைக்கு வெள்ளை வினிகரும் தண்ணீரும் கலந்து, கையேட்டில் சொன்ன அளவும் நேரமும் பார்த்து ஊறவிடுங்கள். கத்தி முனையாலோ கம்பி நாராலோ சுரண்ட வேண்டாம். வினிகர் வாடை போகும் வரை நன்றாக அலசி, நிழலில் காயவைத்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பாருங்கள். தகடு தெளிவாகத் தெரிந்தால் தொடர்ந்து பயன்படுத்தலாம். வெடிப்போ, மங்கலோ, மூடியின் ரப்பர் விளிம்பில் கறுப்புப் புள்ளிகளோ தெரிந்தால் புதுத் தொட்டி வாங்கிவிடுவதே நல்லது.

கேள்வி: எங்கள் வீட்டு ஏசியிலிருந்து வடியும் தண்ணீரை வாளியில் பிடித்து இன்வெர்ட்டருக்கு ஊற்றுகிறோம். அதில் உப்பே கிடையாது என்கிறார்கள். அதையே என் கணவரின் சிபாப் கருவிக்கும் பயன்படுத்தலாமா? மழைநீரைப் பற்றியும் சொல்லுங்கள்.
— வாசகி, மதுரை

பதில்: உப்புக் குறைவு என்பது சரி. காற்றில் இருந்த ஈரம் குளிர்ந்த சுருளில் பட்டு நீராக வடிவதால் அது ஒரு வகையில் காய்ச்சாமலே வடித்த நீர். ஆனால் அது வடிந்து வரும் பாதையை ஏசி பழுதுபார்க்க வருபவர் மூடியைக் கழற்றும்போது ஒருமுறை அருகில் நின்று பாருங்கள். சுருளின் இடுக்குகளில் சாம்பல் நிறத் தூசு அடைந்திருக்கும்; கீழே உள்ள தட்டில் கூழ் போன்ற படலம் வழுக்கும்; வடிகுழாயில் பாசி இருக்கும். வீட்டிலுள்ளோர் இருமிய காற்றும் படுக்கை விரிப்பின் தூசியும் போய்ச் சேரும் இடம் அது. பேட்டரிக்கு இதனால் நோய் வராது. உங்கள் கணவருக்கு வரலாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும்தான், ஆனால் சுருளிலிருந்து கரைந்து வரும் உலோகத்தையும், சுத்தம் செய்யத் தெளித்த ரசாயனத்தின் மிச்சத்தையும் கொதிநீர் ஒன்றும் செய்யாது.

மழைநீரும் வானிலிருந்து விழும் வரை தூய்மையானது. 2003-ஆம் ஆண்டு முதல் மழைநீர்ச் சேமிப்பு தமிழ்நாட்டில் கட்டாயமாக இருப்பதால் நம்மில் பலர் வீட்டு மாடியின் தண்ணீரைத் தொட்டியில் பிடிக்கிறோம். மாடியில் காக்கையும் புறாவும் உட்காரும். அந்தத் தண்ணீரை வடிகட்டிக் கொதிக்க வைத்துச் சமையலுக்குப் பயன்படுத்துவோர் இருக்கலாம். மூச்சுக் கருவிக்கு அது வேண்டாம்.

கேள்வி: எங்களுக்குச் சிறுவாணித் தண்ணீர் வருகிறது. உப்பே இல்லாத இந்தத் தண்ணீரை நேராகத் தொட்டியில் ஊற்றினால் என்ன? என் அண்ணன் ஊட்டியில் இருக்கிறார். அவரும் இதே கருவியைப் பயன்படுத்துகிறார். தண்ணீரைக் காய்ச்சி ஊற்றினால் போதும் என்கிறார்.
— வாசகர், ஆர்.எஸ்.புரம், கோயம்புத்தூர்

பதில்: சிறுவாணியின் சுவையைப் பற்றிக் கோவைக்காரர்களோடு வழக்காட நான் தயாராக இல்லை. மலைக்காட்டிலிருந்து வரும் மென்னீர் என்பதால் உங்கள் தொட்டியில் காரை படிவது வேளச்சேரி வாசகருக்குப் படிவதைவிட மிகக் குறைவாக இருக்கும். ஆனால் அணையிலிருந்து உங்கள் குழாய் வரை அது கடக்கும் தூரத்தையும், கடைசியாக உங்கள் மாடியிலுள்ள தொட்டியில் தங்கும் நேரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். வெயிலில் சூடேறி, மூடி சரியாகப் பொருந்தாத மாடித் தொட்டியில், மென்னீரும் கடின நீரும் கிருமிக்கு ஒன்றுதான். ஆகவே நேராக ஊற்றாமல் காய்ச்சி ஆறவைத்து ஊற்றுங்கள். கலப்புக் குழாய்களில் எப்போதாவது வேறு நீர்வழித் தண்ணீரும் வரக்கூடும் என்பதால் மாதம் ஒருமுறை தொட்டியின் அடியைப் பாருங்கள்.

உங்கள் அண்ணன் சொல்வது பாதி சரி. காய்ச்சுவது கிருமியைக் கொல்லும், உப்பை நீக்காது. சொல்லப்போனால், தண்ணீரின் ஒரு பகுதி ஆவியாகிப் போவதால் எஞ்சியதில் உப்பின் அடர்த்தி கொஞ்சம் கூடவே செய்யும். கடின நீரைக் காய்ச்சும்போது சுண்ணாம்பு பாத்திரத்தின் அடியில் படிவதால் கடினத்தன்மையில் ஒரு பங்கு குறையும் என்றாலும், அதை நம்பி இருக்க முடியாது. குமிழ்கள் தளதளவென்று எழுந்து கொதிக்கத் தொடங்கிய பிறகு ஒரு நிமிடம் கொதிக்க விட வேண்டும் என்பது பொது விதி. உயரமான இடங்களில் தண்ணீர் 100 டிகிரியை எட்டும் முன்பே கொதித்துவிடுவதால், ஏறத்தாழ 2000 மீட்டருக்கு மேலுள்ள ஊர்களில் மூன்று நிமிடம் கொதிக்க விடச் சொல்கிறார்கள். ஊட்டி அந்த உயரத்தைத் தாண்டியது, கொடைக்கானலும் அப்படியே. ஆறிய தண்ணீரைக் கழுவிக் காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் மூடி வைத்து அன்றைக்கே பயன்படுத்துங்கள். காய்ச்சிய தண்ணீரில் டம்ளரை முக்கி எடுத்துவிட்டால், காய்ச்சியதன் பயன் அந்த நிமிடமே போய்விடும்.

கேள்வி: கேரளத்தில் மூளையைத் தின்னும் அமீபாவைப் பற்றி வரும் செய்திகளைப் படித்ததிலிருந்து என் தாயார் சிபாப் முகமூடியை மாட்டவே அஞ்சுகிறார். மூக்கு வழியாகத்தானே அது போகிறது? அவர் மூக்கடைப்புக்காக ஜலநேதியும் செய்கிறார்.
— வாசகி, நாகர்கோவில்

பதில்: அச்சம் நியாயமானது, ஆனால் இடம் மாறிப் போயிருக்கிறது. நெக்லீரியா ஃபவுலேரி என்னும் அந்த அமீபா வெதுவெதுப்பான நன்னீரில் வாழ்கிறது. 2024-ஆம் ஆண்டில் கோழிக்கோடு, மலப்புரம், கண்ணூர் பகுதிகளில் சிறுவர்கள் இத்தகைய அமீபா மூளைக் காய்ச்சலுக்கு ஆளான செய்திகளை நாம் படித்தோம். அந்தத் தண்ணீரைக் குடித்தால் நோய் வராது. தண்ணீர் மூக்கின் உச்சி வரை ஏறினால்தான் வாசனை நரம்பு வழியாக மூளைக்கு வழி கிடைக்கிறது. குளத்தில் குதிக்கும்போதும் மூழ்கும்போதும் அவ்வாறு நேர்கிறது. சிபாப் கருவியில் மூக்குக்கு வருவது ஆவி. அமீபா ஆவியில் ஏறி வராது. காய்ச்சி வடித்த நீரையோ காய்ச்சி ஆறவைத்த நீரையோ ஊற்றி, தொட்டியை அன்றாடம் கழுவி உலர்த்தினால், தெறிக்கும் ஓரிரு துளிகளைப் பற்றியும் அஞ்ச வேண்டியதில்லை.

நீங்கள் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஜலநேதிதான் என்னை நிறுத்தியது. அதில் தண்ணீர் ஆவியாக அன்றி, ஒரு குவளை அளவு நீராகவே ஒரு மூக்கில் புகுந்து மறு மூக்கில் வழிகிறது. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 2011-ஆம் ஆண்டில், நேதிக் கெண்டியில் குழாய்த் தண்ணீரை ஊற்றி மூக்கைக் கழுவிய இருவர் இந்த அமீபாவால் இறந்தார்கள். நகராட்சிக் குழாய்த் தண்ணீர்தான் அது. ஆகவே உங்கள் தாயார் நேதிக்குக் கொதிக்க வைத்து ஆறிய நீரையோ, மூடி திறக்காத காய்ச்சி வடித்த நீரையோ தவிர வேறெதையும் பயன்படுத்தக் கூடாது. இளஞ்சூடு வேண்டுமென்று கொதித்த நீரில் பச்சைத் தண்ணீரை விளாவுவதும் கூடாது. கெண்டியையும் கழுவிக் கவிழ்த்து உலர வைக்க வேண்டும். சிபாப் முகமூடியை அச்சமின்றி மாட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: சளி பிடித்திருக்கும்போது தொட்டித் தண்ணீரில் இரண்டு சொட்டு நீலகிரித் தைலம் விட்டால் மூக்கு திறந்துகொள்ளாதா? தொட்டியைச் சுத்தப்படுத்த டெட்டால் விடலாமா?
— வாசகர், ஈரோடு

பதில்: இரண்டும் கூடாது. போர்வையைப் போர்த்திக்கொண்டு ஐந்து நிமிடம் ஆவி பிடிப்பது வேறு. எட்டு மணி நேரம் அழுத்தத்தோடு நுரையீரலுக்குள் தைலக் காற்றைச் செலுத்துவது வேறு. எண்ணெய்ப் பொருள்கள் மூச்சுக் குழாயை எரிச்சலூட்டும். ஆஸ்துமா உள்ளவருக்கு இழுப்பை உண்டாக்கும். தொட்டியின் பிளாஸ்டிக்கையும் முகமூடியின் சிலிக்கானையும் கெடுக்கும். தண்ணீரோடு சேர்த்து எதையுமே விடக் கூடாது என்பதற்குத் தென் கொரியாவில் நடந்ததைவிடப் பெரிய எச்சரிக்கை வேண்டியதில்லை. அங்கே அறைகளில் வைக்கும் ஹியூமிடிஃபையர்களின் தண்ணீரில் கலப்பதற்கென்றே கிருமிநாசினிகள் 1994 முதல் கடைகளில் விற்கப்பட்டன. தொட்டியில் பாசி பிடிக்காமலிருக்க ஊற்றிய அந்தப் பொருள், பனிப்புகை போல அறையெங்கும் பரவி மூச்சோடு உள்ளே போய், கர்ப்பிணிகள், குழந்தைகள் உட்படப் பலருடைய நுரையீரலைச் சிதைத்தது. காரணம் இன்னதென்று 2011-இல்தான் கண்டறிந்தார்கள். தோலில் பட்டால் பெரிய தீங்கு செய்யாத ஒரு பொருள் மூச்சில் கலந்தால் உயிரைக் குடிக்கலாம் என்பதை அந்த நாடு மிகப் பெரிய விலை கொடுத்துத் தெரிந்துகொண்டது.

அந்த அறைக் கருவிகளில் பெரும்பாலானவை ஒலியதிர்வால் தண்ணீரைச் சிதறடித்துப் புகையாக்குபவை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவற்றில் தண்ணீரில் உள்ள உப்பும் கிருமியும் மருந்தும் எல்லாமே துளியோடு காற்றில் ஏறும். சைப்ரஸ் நாட்டு மருத்துவமனை ஒன்றில் 2008 டிசம்பரில் பச்சிளங்குழந்தைகளுக்கு லீஜியோனெல்லா தொற்றியதும் குழாய்த் தண்ணீர் ஊற்றிய இத்தகைய கருவியால்தான். உங்கள் வீட்டில் குழந்தைக்கென்று அதுபோல ஒன்று இருந்தால், சிபாப்பைவிட அதற்குத்தான் தண்ணீரில் கண்டிப்புத் தேவை. சிபாப் தொட்டிக்குப் பாத்திரம் கழுவும் மிதமான சோப்பு நீரும் நல்ல அலசலும் போதும். மூக்கடைப்புக்கு முகமூடியை மாட்டும் முன் சலைன் மூக்குச் சொட்டு விடலாம். நாள்பட்ட அடைப்பென்றால் காது மூக்குத் தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: நடுஇரவில் குழாய்க்குள் களகளவென்று சத்தம் கேட்கிறது. சில நாள் முகத்தில் தண்ணீர் தெறித்து விழித்துக்கொள்கிறேன். தண்ணீர் கெட்டுவிட்டதா?
— வாசகர், புதுச்சேரி

பதில்: தண்ணீரின் தரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. தொட்டியிலிருந்து சூடும் ஈரமுமாகப் புறப்படும் காற்று, ஏசி அறையில் குளிர்ந்து கிடக்கும் குழாயைக் கடக்கும்போது ஈரம் நீராக மாறி வழிகிறது. கருவியைக் கட்டிலின் உயரத்துக்குக் கீழே ஒரு முக்காலியில் வைத்தால் வழியும் நீர் முகத்துக்கு வராமல் திரும்பி இறங்கும். ஏசியை இரண்டு மூன்று டிகிரி கூட்டி வையுங்கள் அல்லது கருவியின் ஈர அளவை ஒரு படி குறையுங்கள். கடலோர ஊரில் ஏசி போடாத இரவுகளில் காற்றிலேயே போதுமான ஈரம் இருப்பதால் அளவை மேலும் குறைத்துப் பார்க்கலாம். குழாய்க்குத் துணி உறை கிடைக்கிறது. சூடேறும் குழாயும் உண்டு. குழாயில் தேங்கிய நீரைத் தொட்டிக்குள் திருப்பி விடாமல் கொட்டிவிட்டு, குழாயைக் காலையில் தொங்கவிட்டு உலர்த்துங்கள்.

கேள்வி: என் தந்தைக்கு வீட்டில் ஆக்சிஜன் செறிவூட்டியின் உதவியோடு மூச்சு கொடுக்கிறோம். அதிலுள்ள குமிழிப் பாட்டிலுக்கும் இதே தண்ணீர்தானா?
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: அதே தண்ணீர், ஆனால் கண்டிப்பு ஒரு படி கூடுதல். சிபாப்பில் காற்று தண்ணீரின் மேற்பரப்பைத் தழுவிப் போகிறது. இந்தப் பாட்டிலில் ஆக்சிஜன் தண்ணீருக்குள் புகுந்து குமிழியாக வெளியேறுகிறது. குமிழி உடையும்போது நுண்துளிகள் எழ வாய்ப்புண்டு. 2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது கரும்பூஞ்சை நோய் பரவியதை மறந்திருக்க மாட்டீர்கள். கட்டுப்பாடில்லாத சர்க்கரையும் மிதமிஞ்சிய ஸ்டீராய்டும் அதற்கு முதன்மைக் காரணங்கள். ஆக்சிஜன் பாட்டில்களில் ஊற்றிய தண்ணீரின் மீதும் அப்போது ஐயம் எழுந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அந்த மே மாதம் வெளியிட்ட அறிவுரையில், ஆக்சிஜன் சிகிச்சையில் ஹியூமிடிஃபையருக்குத் தூய்மையான, கிருமியற்ற நீரையே பயன்படுத்தச் சொன்னது. பாட்டிலில் இரண்டு கோடுகள் இருக்கும். தண்ணீர் அவற்றுக்கிடையே நிற்க வேண்டும். குறைந்த தண்ணீரின் மேல் புதிதாக ஊற்றி நிரப்பாமல், மிச்சத்தைக் கொட்டிக் கழுவிவிட்டு நிரப்புங்கள். நிமிடத்துக்கு நான்கு லிட்டருக்குக் குறைவாக ஆக்சிஜன் பெறும் பெரியவர்களுக்குப் பொதுவாக இந்தப் பாட்டிலே தேவைப்படுவதில்லை. உங்கள் தந்தைக்குத் தேவையா என்று அவருடைய மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: குடும்பத்தோடு காசிக்கு ரயிலில் போகிறோம். வழியில் டிஸ்டில்டு வாட்டருக்கு எங்கே போவது? அதற்காகக் கருவியையே வீட்டில் வைத்துவிட்டுப் போகலாமா என்று நினைக்கிறேன்.
— வாசகர், திருச்சி

பதில்: கருவியை விட்டுவிட்டுப் போகாதீர்கள். சிட்னி மருத்துவர் காலின் சல்லிவனும் அவருடைய குழுவினரும் 1981-இல் இந்தச் சிகிச்சையை முதன்முதலாக எழுதி வெளியிட்ட நாள் தொட்டு, தொண்டை மூடிக்கொள்ளாமல் காப்பது காற்றழுத்தமே. ஈரம் அதற்கு ஒத்தாசை மட்டும். பெரும்பாலான கருவிகள் தொட்டியில் தண்ணீர் இல்லாமலும் ஓடும். ஈர அளவை நிறுத்திவிட்டு ஓட்டினால் வாயும் மூக்கும் கொஞ்சம் உலரும், மூச்சு நிற்காது. ரயிலின் ஆட்டத்தில் தண்ணீர் தெறித்துக் கருவிக்குள் இறங்கக்கூடும் என்பதால் ஓடும் வண்டியில் தொட்டியைக் காலியாக வைப்பதே நல்லது. உங்கள் படுக்கை அருகில் மின்சார இணைப்பு இருக்குமா, அது இரவு முழுவதும் கிடைக்குமா என்பதைத் தண்ணீரைவிட முதலில் விசாரியுங்கள்.

காசியில் தங்கும் அறையில், சீல் பிரிக்காத குடிநீர்ப் பாட்டிலை வாங்கி, முடிந்தால் விடுதிக் கெட்டிலில் கொதிக்க வைத்து ஆற்றி ஊற்றலாம். சில நாளில் படியும் உப்பை ஊர் திரும்பியதும் வினிகரில் நீக்கிவிடலாம். நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர், உறுப்பு மாற்று செய்துகொண்டவர் ஆகியோருக்கு இந்தச் சலுகை இல்லை. அவர்கள் காய்ச்சி வடித்த நீரைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும், அல்லது தொட்டியைப் பயன்படுத்தாமலே உறங்க வேண்டும். கங்கை நீரைச் செம்பில் அடைத்துக் கொண்டுவந்து பூசையறையில் வையுங்கள். கருவித் தொட்டியில் ஒரு துளி விட்டால் புண்ணியம் என்று உறவினர் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். விடுதியிலிருந்து கிளம்பும் காலையில் தொட்டியைக் கழற்றிக் கொட்டி, ஈரத்தைத் துடைத்து, கருவியையும் தொட்டியையும் தனித்தனிப் பைகளில் வைத்துக் கட்டுங்கள்.